நகரும் வரி

ஈக்காட்டுத்தாங்கலில் நான்காவது மாடி.
ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
திரையின் அடியில் ஓடுகிற வரியை
எட்டு வருடமாக நான்தான் அடிக்கிறேன்.
யார் எழுதியது என்று யாரும் கேட்காத எழுத்து.
வலப்பக்கம் முளைத்து
இடப்பக்கம் விழுந்துவிடும்.

செவ்வாய் இரவு பதினொன்று நாற்பது.
‘குடிநீர் கேட்டு சைதாப்பேட்டை பாலத்தில்
மக்கள் மறியல்’ என்று அடித்தேன்.
பின்னால் நின்று டீயை ஊதியபடி
ஷிப்ட் பொறுப்பாளர் ஜெயசீலன் சொன்னார்:
‘மக்கள்னு போட்டா யாரும்மா பார்ப்பா?
கும்பல்னு போடு.
அந்தக் குடிநீரையும் எடுத்துடு, நீளமா இருக்கு.’

கெட்டவர் இல்லை.
என் மகளுக்கு டெங்கு வந்தபோது
ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க நின்றவர்.

நான்கெழுத்தை அழித்து நான்கெழுத்து போட்டேன்.
இடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எதிர்ச்சுவரில் பதினான்கு டிவி,
எல்லாச் சேனலும், சத்தமில்லாமல்.
பன்னிரண்டு அடிப்பதற்குள் ஒன்பதில் கும்பல்.
ஒன்றில் மட்டும் யாரோ ஒரு பெண்
சிரித்துச் சிரித்து நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள்.

விடிந்து, கிண்டியில் ஷேர் ஆட்டோ.
ஓட்டுகிற எத்திராஜ் கண்ணாடி வழியாகச் சொன்னார்:
‘ராத்திரி ஒரு கும்பல் பாலத்தை மறிச்சிடுச்சு மேடம்.
எல்லாம் எவனோ ஏத்தி வுடறது.’
லேப்டாப் பையை மடியில் அணைத்திருந்த பையன்
‘இந்தக் கும்பலையெல்லாம்...’ என்று ஆரம்பித்து
முடிக்காமலே சின்னமலையில் இறங்கிப் போனான்.
மார்க்கெட் முனை சலூனில்
பாதி முகம் நுரையோடு ஒருவர் அதையே சொல்ல
கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஆமாம் போட்டார் கடைக்காரர்.

எனக்கு முன்னால் ஊருக்குள் வந்து
பல் விளக்கி, சட்டை மாட்டி,
ஆளாளுக்குச் சொந்தக் கருத்தாகி
உட்கார்ந்திருந்தது அது.
ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.
பொய் சொல்லக் கூடாது.

அமிர்தவல்லியின் மீன்கடை.
அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன,
மணிக்கட்டில் செதிள்.
‘தூங்கலையா?’
‘எங்க தூங்கறது? பதினோரு நாளா தண்ணி லாரி வரல.
காலிக் குடத்தோட பாலத்துல குந்திக்கினு இருந்தோம்.
ரெண்டு மணி வரைக்கும்
அந்தக் கும்பல்ல நானும்தான் இருந்தேன்.’

அந்தக் கும்பல்ல.
சொல்லிவிட்டு ஒரு வஞ்சிரத்தைப்
புரட்டிப் போட்டாள்,
எதுவும் தொலையாதவள் மாதிரி.

‘இருந்தோம்’ என்றவள்தான்
அடுத்த மூச்சில் அப்படிச் சொன்னாள்.
யோசித்துப் பார்த்தேன்.
எட்டு வருடத்தில்
‘ஓம்’ என்று முடிகிற ஒரு வினையை
நான் அந்த வரியில் அடித்ததே இல்லை.
வந்தனர், சென்றனர், கலைக்கப்பட்டனர்.
யாரும் எப்போதும் வந்தோம் இல்லை.

‘அமிர்தம், அந்த வார்த்தை...’ என்று
வாய்வரை வந்ததை
எடைக்கல் விழுந்த சத்தம் மூடியது.
வேலை எங்கே என்று அவளுக்குத் தெரியாது.
ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்திருக்கிறாள்.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.
இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

‘உனுக்கு இன்னா வேணும், சொல்லு.
அடுத்த ஆளு நிக்குது பாரு.’
வாய் தானாகத் திறந்தது:
‘நெத்திலி. அரைக் கிலோ.’

பை ஈரம் புடவையில் ஒட்ட ஒட்ட
ஜோன்ஸ் ரோடு வரை நடந்தேன்.
பாலத்துப் பக்கம் பார்க்கவில்லை.
கதவைத் திறந்த மகள்
பையை வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:
‘நீதான் நெத்திலி சாப்பிடவே மாட்டியேம்மா?’